கேரட் மெஷின் ஓடும்வரை

நவம்பர் 11, திங்கள்

இன்று காலை என்னைக் கரடி அடித்துவிட்டதாக எஸ்டேட் முழுக்கப் பேச்சு. நான் முழுசாக இருக்கிறேன். கரடியும் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் ஒரு கற்பூர மரத் தோப்பு இருக்கிறது. அங்கே யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி, மைக்கையும் லேப்டாப்பையும் கேரட் சாக்கில் போட்டுக்கொண்டு போனேன். மூடுபனி சொட்டிக்கொண்டே இருந்ததால் குடையை லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டு நான் நனைந்தேன். ஹெட்போனை மாட்டி, முதல் பாட்டின் முதல் கத்தலை எடுத்தேன். நல்ல கத்தல், அடிவயிற்றிலிருந்து வந்தது. அது முடிவதற்குள் கீழே இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியும் கம்புமாக ஓடிவந்துவிட்டார்கள்.

"எங்க அடிச்சுது? எங்க அடிச்சுது?" என்று ஒருத்தி என் ஸ்வெட்டரைத் தூக்கித் தேடுகிறாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்க்கா."

"வழுக்கி விழுந்ததுக்கா இந்தக் கத்து? எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

மத்தியானத்துக்குள் வனத்துறை ஆள் வந்து 'கரடி நடமாட்டம், எச்சரிக்கை' என்று தோப்பு வாசலில் பலகை நட்டுவிட்டுப் போய்விட்டார். ஆக, அந்த இடம் போச்சு.

எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே மறந்துவிடுவேன். நான் செய்துகொண்டிருப்பது பிளாக் மெட்டல். இருபது வருடத்துக்கு முன்னால் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்காரன் மறந்துவிட்டுப் போன சி.டி.யில் கேட்டது. கிடார் மழை மாதிரி நிற்காமல் கொட்டும், ட்ரம்ஸ் குதிரையாக ஓடும், அதற்கெல்லாம் பின்னால் எங்கோ தூரத்தில் ஒரு ஆள் கத்திக்கொண்டிருப்பான். குளிரைக் காதால் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இந்த வகையில் பலர் தனி ஆளாகவே எல்லாவற்றையும் வாசித்து, முகத்தைக் காட்டாமல் வெளியிடுவார்கள். எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. இரண்டு வருடமாகக் கிடாரும் கீபோர்டும் நானே வாசித்து, ட்ரம்ஸை லேப்டாப்பில் அடுக்கி, ஐந்து பாட்டு முடித்திருக்கிறேன். பெயர் 'கருகல்'. உறைபனி விழுந்த மறுநாள் தேயிலை கருகுமே, அந்தக் கருகல். பாக்கி இருப்பது குரல் மட்டும்.

டாக்டரம்மா கத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அது வேறு விஷயம்.

நவம்பர் 13, புதன்

கோயம்புத்தூர் போய் வந்தோம். கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்தார்களே, ரிசல்ட் வந்துவிட்டது. அதுதான்.

"இது மெதுவா வளர்ற வகை. எடுத்துட்டா சரியாயிடும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது. எவ்வளவு பாத்து எடுத்தாலும் குரல் மாற வாய்ப்பிருக்கு. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றேன் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

டிசம்பர் 18 ஆபரேஷன். வழியில் கிடார் கம்பி ஒரு செட், மீல்மேக்கர், கால் வலிக்குத் தைலம் வாங்கினேன். பயம் ஒன்றும் இல்லை. இறங்கும்போது தைலத்தை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். கூட வந்த என் வீட்டுக்காரர் மகாமுனி மேட்டுப்பாளையத்திலிருந்து வீடு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கினார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 16, சனி

ஒரு பெண் கத்துவதற்கு இந்த மலையில் இடமே இல்லை. வீட்டில் கத்தினால் பக்கத்து லைன்காரர்கள் மகாமுனி என்னை அடிக்கிறார் என்று போலீசுக்குப் போவார்கள். தலையணைக்குள் கத்திப் பார்த்தேன். தலையணை பாடுகிற மாதிரி இருந்தது. பாத்ரூமில் கத்தினால் எதிரொலி அதிகம், தவிர வாளி அதிர்கிறது.

யோசித்து யோசித்து ஒரு இடம் கண்டுபிடித்திருக்கிறேன். மகாமுனி வேலை பார்க்கும் கேரட் கழுவும் ஷெட். ஓடைக்கரையில் தகரக் கொட்டகை. விடியற்காலையில் தோட்டங்களிலிருந்து கேரட் வந்து இறங்கும், பெரிய இரும்பு உருளைக்குள் போட்டு, தண்ணீர் பாய்ச்சிச் சுற்றவிடுவார்கள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கும் ஆளிடம் கையைக் காட்டித்தான் பேச முடியும். ஒட்டினாற்போல் சாக்கு மூட்டை வைக்கும் அறை ஒன்று உண்டு. சுவர் முழுக்கச் சாக்கு, எதிரொலியே கிடையாது. ஸ்டூடியோக்காரன் காசு கொடுத்துச் செய்வதை இவர்கள் அழுக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

"டாக்டரம்மா குரல் பயிற்சி பண்ணச் சொன்னாங்க. சாக்கு ரூம் சாவி வேணும்," என்றேன்.

"சரி," என்று எடுத்துக் கொடுத்தார். இந்த மனிதர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினாறு வருடமாக இது எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

நவம்பர் 18, திங்கள்

முதல் பாட்டு முடிந்தது! மெஷின் சத்தம் லேசாக மைக்கில் விழுகிறது. உருளைக்குள் கேரட் விழும் தடதடப்பு. ஹெட்போனில் கேட்டால் மலைச்சரிவில் கல் உருள்கிற மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன், இருக்கட்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு டூட்டி. போனதும், "அன்பான பயணிகளின் கனிவான கவனத்திற்கு." காலையில் அப்படிக் கத்தின தொண்டையா இது என்று எனக்கே சிரிப்பு வந்தது. தேன் மாதிரிக் குரல் என்று கூடலூர் டிரைவர்கள் சொல்வார்கள். பதினான்கு வருடமாகத் தேன் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பஸ் வராத நாளிலும், குளிரில் குழந்தை அழும்போதும், ஒருவன் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைத் திட்டும்போதும் தேன்தான். வருந்துகிறோம், வருந்துகிறோம். ஒருநாள்கூட நான் வருந்தியதில்லை. எரிச்சல்தான் பட்டிருக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

பஸ் ஸ்டாண்டின் அறிவிப்பு, விளம்பரம் எல்லாம் அருமைநாயகம் சாரின் கான்ட்ராக்ட். இன்று அறிவிப்பு அறைக்கே வந்துவிட்டார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். ஆபரேஷன் விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது.

"ரூபாவதி, நான் ஒண்ணு யோசிச்சேன். எல்லா ஊர் பேரும், எல்லா நம்பரும், எல்லா நடைமேடையும் உன் குரல்லயே பதிஞ்சு வச்சிருவோம். கம்ப்யூட்டர் சேத்துச் சொல்லிக்கும். நீ நிம்மதியா ரெஸ்ட் எடு. உன் குரல் காலத்துக்கும் இங்க இருக்கும்."

"அதுக்கப்புறம் நான் எங்க சார் இருப்பேன்?"

"அட, அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

அந்த அப்புறம் எனக்கு நன்றாகப் புரிந்தது. டீ விற்கும் ஃபாத்திமா அக்கா முதற்கொண்டு எல்லோரும், "நல்லதுதானே, உன் குரல் போனாலும் இருக்குமே," என்கிறார்கள். என் குரல் இருக்குமாம், நான் இருக்கமாட்டேனாம். நாலைந்து நாள் உட்கார்ந்து பேசிப் பதிய வேண்டும். காலையில் கத்தி, மாலையில் டூட்டி பார்த்து, நடுவில் இது என்றால் தொண்டை தாங்காது. இருக்கிற குரல் ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும். எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஹார்லிக்ஸை வாங்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றேன். எனக்கு இந்தத் தேன் புத்தி போகவே மாட்டேன் என்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, "மார்கழி மாசம் வேண்டாம்னு வீட்ல பெரியவங்க சொல்றாங்க. தை பொறந்து வச்சுக்கலாம்," என்றேன். வரவேற்பில் இருந்த பெண் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நிறையப் பேர் அப்படித்தான் மேடம்," என்று சொல்லி ஜனவரி 22 போட்டுக் கொடுத்தாள். மார்கழி என்றால் இந்த நாட்டில் கத்திகூட வெட்டாது.

எங்கள் வீட்டில் பெரியவர் என்று யாரும் இல்லை.

இன்னும் ஒரு மாதம் கூடக் கிடைத்தது. இரண்டாவது பாட்டு எடுத்தேன். விழுங்கும்போது கொஞ்சம் இடிக்கிறது. குளிர்.

டிசம்பர் 1, ஞாயிறு

சண்டை. எங்களுக்குள் சண்டை என்பது அவர் மூன்று வாக்கியம் பேசுவது.

ஆஸ்பத்திரியிலிருந்து புதுத் தேதியை உறுதிசெய்ய அவர் நம்பருக்கு அழைத்திருக்கிறார்கள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மார்கழியா?"

"ஆமாங்க. எல்லாரும் சொல்றாங்க."

"நம்ம கல்யாணமே மார்கழியில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடந்துச்சு ரூபா. அன்னிக்கு ஃபோட்டோக்காரன்கூட வரமாட்டேன்னுட்டான்."

நான் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை பாட்டு பாக்கி?"

"எந்தப் பாட்டு?"

"சாக்கு ரூம்ல கத்தறியே, அந்தப் பாட்டு."

"அது டாக்டரம்மா குடுத்த பயிற்சி."

"அப்படிக் கத்தச் சொல்லியிருந்தா அவங்க போர்டையே கழட்டிருவாங்க."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். வீடு கட்டை விரல் அளவுதானே இருக்கிறது, எப்படித் தெரியாமல் போகும் என்றார். ஹெட்போன் போட்டால் எனக்கு வெளியே கேட்காதே தவிர, வெளியே இருப்பவருக்கு என் கிடார் கம்பி கேட்கும் என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டு முழுக்க நான் காலால் தரையைத் தட்டுவேன் என்றும் சொன்னார்.

பிறகு கோபப்பட்டார். நிஜக் கோபம். "வளந்து நரம்பைப் புடிச்சிட்டா என்ன பண்ணுவ? பாட்டுக்காகத் தள்ளிப்போட்டு, பாட்டும் இல்லாம, நீயும் இல்லாம நான் மட்டும் கேரட் கழுவிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் நறுக்கியிருந்தால் சமாளித்திருக்கலாம், பீன்ஸாகப் போய்விட்டது.

டிசம்பர் 18தான். மறுபடி போன் செய்து மாற்றிவிட்டார். அந்தப் பெண், "மார்கழி சார்," என்றாளாம். "பரவால்லம்மா, எங்களுக்கு ராசியான மாசம்," என்றாராம்.

மூன்று பாட்டு பாக்கி.

டிசம்பர் 4, புதன்

மூன்றாவது பாட்டு பாதி. இன்று மெஷின் நெடுநேரம் ஓடியது. வழக்கமாக ஒன்பதுக்கு முன்பே நின்றுவிடும், நானும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். இன்று நான் போதும் என்று வெளியே வரும்வரை ஓடியது. பதிவைக் கேட்டால் கடைசியில் கேரட் உருளும் தடதடப்பே இல்லை, வெறும் தண்ணீர்ச் சத்தம். மைக்கில் சுத்தமாக விழுந்திருக்கிறது. நல்லதாகப் போயிற்று.

வரும் வழியில் முட்டைக்கோஸ் வாங்கினேன்.

டிசம்பர் 7, சனி

ஷெட் முதலாளி இன்று மகாமுனியை எல்லோர் முன்னாலும் பிடித்துக் கத்தினார். லோடு ஏற்றி லாரியே போய்விட்டது, வெறும் மெஷினை எதற்கு ஓட்டுகிறாய், கரண்ட் பில் உன் அப்பனா கட்டுவான் என்று. சாக்கு அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

"உருளையில மண்ணு அடைஞ்சிருக்கு. கழுவிவிட்டாத்தான் நாளைக்குச் சுத்தும்," என்றார் மகாமுனி. சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்தது.

இன்றைக்குக் காலையில்தான் இந்த வருடத்தின் முதல் உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் இருந்தது. பாட்டின் வரியே அதுதான்: 'வெள்ளையாய் வந்தாய், கறுப்பாக்கிப் போனாய்.' உறைபனியைப் பற்றின பாட்டு. வேறு எதைப் பற்றியும் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

அருமைநாயகம் சார் ஆளையே அனுப்பிவிட்டார். ரெக்கார்டரும் ஊர்ப்பெயர்ப் பட்டியலுமாக ஒரு பையன். டூட்டி முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்றான்.

"முடியாது தம்பி."

அவன் போன் போட்டு என் கையில் கொடுத்தான்.

"என்னம்மா, யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். குடுக்க முடியாது."

"ஏம்மா? குரல் போகப்போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல காரியத்துக்கு ஆகட்டுமே."

"அதுக்குத்தான் சார் வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"அது என் சொந்த வேலை."

 வேறு பெண்ணை வைத்துப் பதிந்துகொள்வேன், அப்புறம் வந்து நிற்காதே என்றார். சரி சார் என்றேன். வருந்துகிறோம் என்று சொல்லவில்லை. பதினான்கு வருடத்தில் அந்த அறைக்குள் உட்கார்ந்து நான் பேசிய முதல் உண்மை அதுதான். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பையனிடமே கொடுத்தனுப்பினேன். பாதி குடித்திருந்தோம், இருந்தாலும்.

டிசம்பர் 13, வெள்ளி

நான்காவது பாட்டு முடிந்தது. மாலை அறிவிப்பில் 'கிண்ணக்கொரை' என்று ஊர்ப்பெயர் சொல்லும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. வெளியே ஒருவர், "அக்காவுக்கு ஜலதோஷம் போல," என்றார். வெந்நீர் குடித்தேன். இன்னும் நாலு நாள் இருக்கிறது.

மகாமுனி கையில் உரசல் காயம். நிறைய நேரம் தண்ணீரில் நின்று கை ஊறி, தோல் உரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். லோடு அதிகமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். எனக்கு முதல் நாளே தெரியும், கேரட் இல்லாத சத்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் சுயநலக்காரிதான். எழுதியாயிற்று.

டிசம்பர் 17, செவ்வாய்

ஐந்தாவது பாட்டு வரவில்லை.

விடிந்ததிலிருந்து முயன்றேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கத்தினால் காற்றுதான் வருகிறது, பிறகு இருமல், பிறகு கொஞ்சம் ரத்தம் மாதிரி, ரத்தம் இல்லை, தக்காளிச் சட்னி என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். மகாமுனி மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நிறுத்தினதும் அவ்வளவு அமைதி. ஓடைச் சத்தம்கூடக் கேட்டது.

"போதும் ரூபா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒண்ணு பாக்கி இருக்கு."

"நாலு இருக்கில்ல?"

"நாலு போதாதுங்க."

எனக்குப் போதாது. அதைச் சொல்ல வெட்கமில்லை. உயிரோடு திரும்பி வருவேனா என்று நான் நினைக்கவே இல்லை, இந்தப் பாட்டை விட்டுவிட்டுப் போகிறேனே என்றுதான் நினைத்தேன் என்றால் யாராவது நம்புவார்களா? நானே பாதிதான் நம்புகிறேன். மற்ற பாதி பயந்து நடுங்குகிறது. இப்போது பஸ்ஸில் எழுதுகிறேன், கொண்டை ஊசி வளைவில் எழுத்து கோணுகிறது.

டிசம்பர் 20, வெள்ளி

உயிர் இருக்கிறது. குரல் இல்லை.

டிசம்பர் 28, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. இடது பக்கக் குரல் நாண் அசையவில்லை. கட்டி நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம், டாக்டரம்மா பிரித்து எடுத்தாராம். ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இப்போது நான் பேசினால் ஓட்டை பலூன் மாதிரிக் காற்று போகிறது. 'தண்ணி' என்று கேட்டால் 'ஹன்னி' என்று வருகிறது. பார்க்க வந்த ஃபாத்திமா அக்கா வாசலில் சிரித்துப் பேசிவிட்டு, போகும்போது சாலையில் நின்று அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோபம் வந்தது. செத்தா போய்விட்டேன்?

'அது' முழுசாக எடுத்தாயிற்றாம். இனிமேல் மாத்திரை மட்டும். மகாமுனி அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி கேண்டீனில் மூன்று வடை தின்றார்.

ஜனவரி 6, திங்கள்

பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். கம்ப்யூட்டர் பேசுகிறது. கோயம்புத்தூர்ப் பெண் யாரோ, இனிமையான குரல். தேன். பஸ் வந்தாலும் வராவிட்டாலும் நேரம் ஆனால் அது பாட்டுக்குச் சொல்கிறது. என் குடை இன்னும் அறிவிப்பு அறையில் மாட்டியிருக்கிறது. எடுக்கப் போகவில்லை.

ஜனவரி 22, புதன்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

செக்கப். டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, "ஈ சொல்லுங்க," என்றார். ஈ வரவில்லை, காற்று வந்தது. இன்னொரு முறை, காற்றுதான். டி.வி.யில் என் தொண்டை தெரிந்தது. ஒரு நாண் ஆடுகிறது, மற்றது கட்டை மாதிரிக் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, வயிற்றை இறுக்கி, ஐந்தாவது பாட்டின் முதல் வரியைக் கத்தினேன்.

வந்தது!

முழுசாக, கரகரவென்று, அப்படியே வந்தது. வெளியே எதுவோ விழுந்து உடைந்தது. நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் காத்திருந்தவர்களின் தலை வரிசையாக. மகாமுனி மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை பண்ணுங்க."

பண்ணினேன்.

"இது உங்க குரல் நாண்ல வரலை. அதுக்கு மேல இருக்கிற மடிப்பு ஆடுது, பாருங்க. இதை நான் தொடவே இல்லையே!" பிறகு என்னை முறைத்து, "கத்தக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

"ஹொன்னீங்க மேடம்," என்றேன்.

ஆக, போய்விடுமே என்று ஊரே பயந்த குரல் போய்விட்டது. போய்விடுமோ என்று நான் பயந்த குரல் அங்கேயே இருக்கிறது. அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். தேன் குரல் போனதற்கும் சேர்த்துத்தான் அழுதேன். அதுவும் என்னுடையதுதானே.

ஜனவரி 26, ஞாயிறு

ஐந்தாவது பாட்டு எடுத்தாயிற்று. நடுவில் வெறும் காற்றாகப் பேசும் இடம் ஒன்று சேர்த்தேன். அதை இப்போதைய என்னைத் தவிர யாராலும் பேச முடியாது. இணையத்தில் ஏற்றிவிட்டேன். இதுவரை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் மகாமுனி. கண்ணை மூடி முழுசாகக் கேட்டுவிட்டு, "மெஷின் சத்தம் நல்லா விழுந்திருக்கு," என்றார்.

ஜனவரி 30, வியாழன்

குடையை எடுக்கத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான்.

பஸ் ஸ்டாண்டு முழுக்க மூடுபனி. எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. மஞ்சூர் சாலையில் மரம் விழுந்து, அந்தப் பக்கத்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. நேரக் காப்பாளர் செபாஸ்டியன் அண்ணன் வாயாலேயே கத்திக்கொண்டு ஓடுகிறார். அவர் தலைக்கு மேலே கம்ப்யூட்டர், "மஞ்சூர் வழியாகக் கிண்ணக்கொரை செல்லும் பேருந்து நடைமேடை மூன்றில் புறப்படத் தயாராக உள்ளது," என்று இனிக்க இனிக்கச் சொல்கிறது. ஜனம் மூட்டை முடிச்சோடு மூன்றுக்கு ஓடுகிறது. அங்கே கூடலூர் பஸ் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கிறது. பனியில் டிரைவருக்கு ஆள் தெரியவில்லை, ஆளுக்கு பஸ் தெரியவில்லை.

அறிவிப்பு அறையைத் திறந்தேன். கம்ப்யூட்டர் சத்தத்தை அணைத்தேன். என் மைக் துணி மூடி ஓரமாக இருந்தது. போட்டேன்.

"ஹயணிகள் ஹவனத்திற்கு."

புஸ்ஸென்று காற்று. ஒருவர்கூடத் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன், அதே காற்று. கூடலூர் பஸ் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

வயிற்றை இறுக்கினேன்.

"மஞ்சூர் பஸ் இல்லை! மூணாம் நடைமேடையை விட்டு விலகுங்க! கூடலூர், நிறுத்து!"

ஒரு மாதம் சாக்கு மூட்டைக்கு நடுவில் கத்திய அதே குரல், பஸ் ஸ்டாண்டின் அத்தனை ஒலிபெருக்கியிலும். கூடலூர் பஸ் பிரேக் அடித்து நின்றது. ஜனம் அப்படியே உறைந்தது. ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, யோசித்து, நிறுத்திக்கொண்டது. யாரோ, "ஐயோ, என்னய்யா அது?" என்றார்கள். கூட்டம் மெல்ல மூன்றாம் நடைமேடையை விட்டு ஒதுங்கியது. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா நீ? அந்தப் புள்ளை எங்க, அழகாப் பேசுமே?"

"நான்தான் ஹம்மா அது," என்றேன். பிறகு மைக்கைப் பார்த்தேன். பதினான்கு வருடம் அதில் ஆயிரம் ஊர்ப் பெயர் சொல்லியிருக்கிறேன், என் பெயரைச் சொன்னதில்லை. வயிற்றை இறுக்கி அதையும் சொன்னேன். "அறிவிப்பது ரூபாவதி."

அருமைநாயகம் சாருக்குப் பத்து நிமிடத்தில் விஷயம் போய்விட்டது. போனில் குதித்தார்.

"மைக்ல பேய் கத்துதுன்னு சொல்றாங்க! உனக்கு என்ன பைத்தியமா? இந்தக் குரலை வச்சுக்கிட்டா ஜனங்க முன்னாடி பேசுவ?"

"வேற குரல் இல்லை சார். இருக்கறது இதுதான்."

"கம்ப்யூட்டரைப் போடு முதல்ல!"

அதற்குள் செபாஸ்டியன் அண்ணன் மூச்சு வாங்க வந்து கண்ணாடியைத் தட்டினார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். 

"ரூபாவதி, மரம் வெட்ட ரெண்டு மணி நேரம் ஆகுமாம். கோத்தகிரியும் லேட்டு. சொல்லிரும்மா."

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். 'என்ன சொன்னாங்க?' என்று இன்று ஒருவரும் பக்கத்து ஆளைக் கேட்கவில்லை.